வலது பக்கம் பாடாத பெட்டி

“இந்தத் தட்டு பாடலம்மா.”

“எந்தத் தட்டு?”

“போன வாரம் நீ போட்டுக் குடுத்தியே, அது. நூத்தம்பது பாட்டு அடங்கும்னு பாய் சொன்னாரு. ஒரு பாட்டுகூட வெளிய வரல.”

“இங்க போட்டுக் காட்டினேனே அண்ணே. பாடுச்சே.”

“ஒன் கம்ப்யூட்டர்ல பாடும். என் வண்டியில பாடல. பொட்டி தட்டை உள்ள வாங்குது, செத்த நேரம் சுத்திச் சுத்திப் பாக்குது, அப்புறம் வேண்டாம்னு திருப்பி வச்சிருது. பொண்ணு பாக்க வந்தவுங்க மாதிரி.”

“வண்டியில என்ன பிளேயர் இருக்கு?”

“முன்னால ரேடியோ மட்டுந்தான். பொட்டி டிக்கியில இருக்கு. ஆறு தட்டு புடிக்கும். எனக்கு முன்னால வண்டி வச்சிருந்தவரு மாட்டினது.”

“சேஞ்சரா? அது எம்.பி.த்ரீ எடுக்குமா?”

“அதத்தானம்மா ஒன்கிட்ட கேக்க வந்தேன்.”

“பழைய சேஞ்சர்னா எடுக்காதுண்ணே. ஆடியோ சி.டி.யாத்தான் போடணும். ஒரு தட்டுக்குப் பதினஞ்சு பதினாறு பாட்டு வரும். அவ்வளவுதான்.”

“நூத்தம்பது எங்க, பதினஞ்சு எங்க. சரி, அதையே போடு. எப்படியும் பாதி மலை ஏறுறதுக்குள்ள பாதிப் பேரு தூங்கிருவாங்க.”

அறிவுச்செல்விக்கும் ஞானராஜுக்கும் நடந்த முதல் பேச்சு இது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் நடந்தது. அவள் சின்னாளப்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து அங்கே வேலை பார்த்தாள். மின்னஞ்சல் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது, பயோடேட்டா அடித்துக் கொடுப்பது, சி.டி.யில் பாட்டுப் பதிந்து கொடுப்பது எல்லாம் அவள் வேலை. பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஞானராஜ் கவுண்டருக்கு நேரே நிற்காமல், உடம்பைக் கோணலாகத் திருப்பிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே நின்றார். வெளியே நிறுத்தியிருந்த வண்டியின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார் போலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

வண்டி வெள்ளை நிறம், பழையது. கோயம்புத்தூரில் மில் வைத்திருந்த ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. ஞானராஜ் அதைக் கொடைரோடு ரயில் நிலையத்து வாசலில் நிறுத்தி, காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிப் போவார். திரும்பும்போது சிலரைத் திண்டுக்கல்லில் இறக்கிவிடுவார். அப்படி வரும் நாட்களில் கடைக்கு வருவார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார்:

“அறிவு இருக்கா பாய்?”

கடை முதலாளி ஜமால் முகமது தலை நிமிராமல் பதில் சொல்வார்: “இல்லேன்னுதானப்பா அந்தப் பிள்ளைய சம்பளம் குடுத்து வச்சிருக்கேன்.”

இந்த ஒரே பேச்சை இரண்டு பேரும் வருஷக்கணக்கில் சலிக்காமல் பேசினார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன்கள் முதல் தடவை சிரிப்பார்கள். அறிவுச்செல்வி ஒரு தடவையும் சிரித்ததில்லை. ஆனால் அவர் வராத வாரங்களில் அந்தக் கேள்வி காதில் விழாதது அவளுக்கு என்னவோ போலிருக்கும்.

ஞானராஜின் குடும்பம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். கொடைரோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்துப் பக்கம். கிணறு வற்றி, பந்தல் சாய்ந்து, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போனபோது அவர் பூ வண்டிக்குப் போனார். தொண்ணூறுகள் முழுக்க அவருடைய வாழ்க்கை, விடிவதற்குள் மல்லிகை மூட்டைகளை மார்க்கெட்டில் சேர்ப்பதில் கழிந்தது. அந்த வேனில் என்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உறுமும். பூ வாடாமல் இருக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். பாட்டாவது கூத்தாவது என்பார். பாட்டின் மேல் அவருக்கு அப்படியொன்றும் பித்து இருந்ததில்லை. வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அவர் பாட்டின் பயனைக் கண்டுபிடித்தார்.

“மலை ஏறையில பாட்டு ஓடுனா வாந்தி பாதியாக் கொறையுதும்மா. ஜனங்க வளைவையே பாத்துக்கிட்டு இருந்தாத்தான் கொடலைப் பொரட்டும். நல்ல பாட்டா ஓடிச்சுன்னா, அடுத்தது என்ன பாட்டுன்னு மனசு அங்க போயிரும்.”

இதற்காக அவர் தட்டுகளை வகை பிரித்து வைத்திருந்தார். முதல் தட்டு சமவெளிக்கு. வத்தலக்குண்டு தாண்டினால் இரண்டாவது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு மெதுவான பாட்டுகள் மட்டும். கல்யாணமான புதுசில் வருகிறவர்களுக்கு என்று ஒன்று தனியாக. வண்டிக்கு ஆயில் மாற்றுவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் போடுவார். பெட்டிக்கு ஒன்றென்றால் அன்றைக்கே திண்டுக்கல்லுக்கு வந்துவிடுவார்.

முதலில் வளைவுக்கு வளைவு பாட்டு துள்ளுகிறது என்று வந்தார். வண்டியோடு வந்த, பெட்டிக்கான ஆங்கிலக் கையேடு டாஷ்போர்டுக்குள் கிடந்தது. அதை அறிவுச்செல்வி டீ குடிக்கிற நேரத்தில் படித்தாள். பெட்டியைப் படுக்க வைத்து மாட்டினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு ஒரு நிலை, செங்குத்தாக நிறுத்தி மாட்டினால் வேறு நிலை, பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி மாற்ற வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. மில்காரர் பெட்டியைப் படுக்க வைத்திருந்தார். சாமான் வைக்க இடம் வேண்டுமென்று ஞானராஜ் அதைக் கழற்றி டிக்கியின் ஓரச் சுவரில் நிறுத்தி வைத்திருந்தார். திருகைத் தொடவில்லை.

“படுத்திருந்தவன எழுப்பி நிறுத்திட்டு, நிக்கக் காலக் குடுக்காம விட்டுட்டேன்” என்று சொல்லி, ஒரு ரூபாய்க் காசாலேயே திருகைத் திருப்பினார். அதன் பிறகு பெட்டி துள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அவர் துண்டில் ஆறு தட்டுகளையும் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே நல்லுசாமி என்கிற இன்னொரு டிரைவரும் வந்திருந்தார். நல்லுசாமி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கார் ஸ்டாண்டில் இவருக்கு அடுத்த வண்டி அவருடையது. ஞானராஜ் கிறிஸ்தவர் என்றாலும் ஸ்டாண்டில் பூஜை என்றால் எல்லா வண்டிக்கும் பூஜைதான். மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஞானராஜ் பொரி வாங்கப் போன நேரத்தில், விட்டுப்போகக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் நல்லுசாமி டிக்கியைத் திறந்து பெட்டிக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. தட்டு அடுக்கை உருவி, ஆறு தட்டுக்கும் ஆளுக்கொரு சந்தனமும் குங்குமமும் வைத்து, உள்ளே தள்ளி மூடிவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, பொட்டு வெச்சா பாட்டு நிக்குமுங்களா?” என்று நல்லுசாமி கேட்டார். குரலில் வருத்தம் பாதி, வம்பு பாதி.

அறிவுச்செல்வி ஒரு தட்டைப் பிரித்துப் பார்த்தாள். “பேரு எழுதுற பக்கம் வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. பளபளன்னு இருக்கிற பக்கம் வச்சிட்டீங்க. அந்தப் பக்கத்தைத்தான் அது படிக்கும்.”

“கண்ணாடியாட்டப் பளபளன்னு இருந்துச்சுங்க. அதுதான் மூஞ்சின்னு நெனச்சுப்போட்டேன். பொட்டு மூஞ்சியிலதானுங்க வெக்கோணும்?”

“நீ முதுகுல வச்சிருந்தா நான் பொழைச்சிருப்பேன்” என்றார் ஞானராஜ்.

ஜமால் முகமது எழுந்து உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

தட்டுகளை அவள் ஈரத் துணியால் துடைத்தாள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். பிறகு மூன்று பேரும் வண்டிக்குப் போனார்கள். ஞானராஜ் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே கடுகளவுக் கண்ணாடி ஒன்று இருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு, அவள் அதை ஒற்றி எடுத்தாள். பஞ்சு செக்கச்செவேலென்று வந்தது. மூன்றாவது குச்சியில்தான் வெள்ளையாக வந்தது. பெட்டி பாடியது. நல்லுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சரி செய்ய முடிந்த கோளாறுகள். அதற்கடுத்து வந்த கோளாறுதான் பிடிபடாமல் போக்குக் காட்டியது.

“வலது பக்கம் பாடமாட்டேங்குதும்மா” என்று ஒரு நாள் வந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவில் இருக்கும் ஸ்பீக்கர். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பது. அது கம்மிப் போய்விட்டது என்றார். நாகல் நகரில் ஒரு கடையில் ஸ்பீக்கரை மாற்றினார். இரண்டு மாதம் கழித்து வயரை மாற்றினார். அப்புறம் பெட்டியிலிருந்து முன்னால் வரும் கேபிளில் ஏதோ கோளாறு என்று அதையும் மாற்றினார். மாற்றுகிற அன்றைக்கு நன்றாக இருப்பது போலிருக்கும். பிறகு பழையபடி.

அந்த நாட்களில் ஒரு தடவை அவருடைய மனைவி செபாஸ்தியம்மாளும் கடைத்தெருவுக்கு வந்தவர், கடையில் செத்த நேரம் உட்கார்ந்தார். நல்ல உயரமான பெண்மணி. சிரிக்காமல் கேலி பேசுகிறவர்.

“ஏம்மா அறிவு, ஒங்க அண்ணன் வண்டியில ஒரு பக்கம் உக்காந்தா காது கிழியுது. இன்னொரு பக்கம் உக்காந்தா சத்தமே இல்ல. மெட்ராஸ்காரங்க ரெண்டு பேரு சண்டைக்கே வந்துட்டாங்களாம். இவரு பொட்டியக் குத்தம் சொல்றாரு.”

“பொட்டிதான் சரியில்ல” என்றார் ஞானராஜ். “அது கெடக்கட்டும். நேத்து ஒரு பஸ்காரன் பண்ணுன வேலையக் கேளு. வளைவுல ஹாரனே அடிக்காம என்னை ஒரசிக்கிட்டு முன்னால ஏறுறான். ஏறிட்டு, கண்டக்டர் எட்டிப் பாத்து, செவிட்டுப் பயலேன்னு என்னை ஏசிட்டுப் போறான். வண்டிக்குள்ள கைக்கொழந்தையோட ஒரு குடும்பம். அந்தப் பொம்பள போட்ட சத்தம் இன்னும் கேக்குது.”

அவர் இதைச் சொன்னபோது கவுண்டருக்கு முன்னால் வழக்கம்போலக் கோணலாக நின்றிருந்தார். தெருவில் அன்று அவருடைய வண்டி இல்லை. கொஞ்சம் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் நிறுத்தியிருந்தார். இருந்தும் அதே கோணலில் நின்றார். இடது காது அவள் பக்கம் இருந்தது. அறிவுச்செல்வி அதைக் கவனித்தாள். செபாஸ்தியம்மாளை வைத்துக்கொண்டு அவள் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த தடவை அவர் தனியாக வந்தபோது, “வண்டியைக் காட்டுங்கண்ணே, நானும் ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன்” என்றாள்.

மதிய வெயில். வண்டியை வேப்ப மரத்து நிழலில் போட்டிருந்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாட்டைப் போட்டாள். வலது பக்கம் மட்டும் அலறியது. ரேடியோவில் பார்த்தால், சத்தத்தை இரண்டு பக்கத்துக்கும் பங்கு போடுகிற பேலன்ஸ், வலது கோடியில் போய் நின்றிருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பாடின. கதவுக்குக் கதவு குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். புது ஸ்பீக்கர் அருமையாகப் பாடியது.

“இப்பவும் வலது பக்கம் இல்லையாண்ணே?”

அவர் உட்கார்ந்து கேட்டார். “எங்க இருக்கு? இடது மட்டுந்தான் வருது.”

பெட்டியில் கோளாறா, வயரில் கோளாறா, ஸ்பீக்கரில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க, ஒன்றை இடம் மாற்றி வைத்துக் கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. அதுவரை இடம் மாற்றிப் பார்க்காதது ஒன்றுதான் இருந்தது.

முன்கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள். “கொஞ்சம் இறங்கி வாங்கண்ணே. பானெட்டுக்கு முன்னால, வண்டியைப் பாத்த மாதிரி நில்லுங்க. எந்தப் பக்கம் பாடலைன்னு கையைக் காட்டுங்க.”

அவர் வந்து நின்றார். கண்ணை மூடிக் கேட்டார். கையை நீட்டினார்.

“இந்தப் பக்கந்தான். சந்தேகமே இல்ல.”

“அண்ணே, அது இடது கதவு.”

அவர் கண்ணைத் திறந்து தம் கையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அப்புறம் வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், டிக்கிப் பக்கமிருந்து முன்பக்கம் பார்த்து நின்றார். அங்கிருந்து வலது பக்கத்தைக் காட்டினார். மறுபடி முன்னால் வந்தார். மறுபடி இடது கதவைக் காட்டினார். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஸ்பீக்கரை மாத்துனேன்” என்றார். “வயரை மாத்துனேன்.”

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்கண்ணே.”

“அந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சிருக்கான் போல.”

கதவுகளைச் சாத்தினார். பாட்டை நிறுத்தினார். போகும்போது எப்போதும் சொல்கிற “வாரேன் தாயி” அன்று இல்லை.

அதன் பிறகு பல வாரங்கள் அவர் வரவில்லை. வெள்ளைக் கார் எது போனாலும் அறிவுச்செல்வி எட்டிப் பார்த்தாள். அவர் இன்னும் மலைக்குப் போகிறாரா, யாரிடமாவது சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தக் கைக்குழந்தை அவள் நினைவுக்கு வந்தபடியே இருந்தது. செபாஸ்தியம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். சொன்னால் அந்த மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டதாகும் என்று மறுநாள் தோன்றும். ஸ்டாண்டில் ஒரு சொல் விழுந்தால் போதும், அப்புறம் ஒருவரும் அந்த வண்டியில் ஏற மாட்டார்கள். ஏறாமலிருப்பதுதான் நியாயமோ என்றும் தோன்றியது. கொடைரோட்டுக்கு ஒரு நடை பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தாள். அதற்கு முன் அவரே வந்துவிட்டார்.

வாசலில் வழக்கமான கேள்வி இல்லை. ஜமால் முகமது தொழுகைக்குப் போயிருந்தார். ஞானராஜ் கவுண்டருக்கு முன்னால் வந்து, எந்தக் கூச்சமும் இல்லாமல் இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

“காட்டிட்டேன். வலது போயிருச்சாம். கொஞ்ச நஞ்சம் இருக்கிறதும் போயிருமாம். பூ வண்டி என்ஜினு, ஜன்னல் காத்து, பஸ் ஹாரன், எல்லாம் சேந்து தின்னுருச்சுன்னாரு. இடது நல்லா இருக்கு. ஒத்தக் காதோட ஓட்டலாம், தப்பில்லன்னாரு. ஆனா இடதும் கொறையுமான்னு கேட்டா, கொறையாதுன்னு சொல்ல மாட்டேங்குறாரு.”

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“சொன்னேன். இருவது வருசமா நான் சொல்றது ஒனக்கு ஏறலன்னு எனக்கு அப்பவே தெரியும், இப்பத்தான் டாக்டருக்குத் தெரிஞ்சதான்னு கேட்டா. கேட்டுட்டு அடுப்படிக்குப் போய் அழுதா.”

வண்டியின் வலது பக்கம், பின்னால் வருவதைப் பார்க்கப் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டியிருப்பதாகச் சொன்னார். மூடுபனி நாட்களில் மலைச் சவாரியை நல்லுசாமிக்கு விட்டுவிடுகிறாராம். அவரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றார்.

“வலது போனது எனக்கே தெரியலம்மா. தெரியாமலே எத்தன பேர ஏத்திக்கிட்டு ஏறி எறங்கியிருக்கேன். இடது போறது எனக்குத் தெரிஞ்சாகணும். எனக்கு ஒரு தட்டு போட்டுத் தா.”

“என்ன பாட்டுண்ணே?”

“பாட்டு வேண்டாம். தெரிஞ்ச பாட்டுன்னா காதுல விழலைன்னாலும் மனசே பாடிருது. நீ பேசித் தா. ஊர்ப் பேராச் சொல்லு. நிலக்கோட்டை, ஆத்தூரு, தொப்பம்பட்டி, எதுவானாலும் சரி. ஒவ்வொரு பேரும் ஒரு பாட்டு மாதிரித் தனித்தனியா இருக்கட்டும். கொஞ்சம் பேரச் சாதாரணமாச் சொல்லு. கொஞ்சம் பேரச் சின்னக் குரல்ல. இன்னுங் கொஞ்சம், எம்புட்டுச் சின்னதா முடியுமோ அம்புட்டுச் சின்னதா. ரேடியோவுல வரிசையைக் கலைச்சுப் போடுற பட்டன் ஒண்ணு இருக்கு. அதை அமுக்கிட்டு உக்காந்துக்கிறேன். விழுந்த ஊர நான் திருப்பிச் சொல்றேன். செபாஸ்தியம்மா பக்கத்துல உக்காந்து சரி பாப்பா. நானே பாத்தா நானே எனக்கு மார்க்கு போட்டுக்குவேன்.”

“என் குரல் சரிப்படாதுண்ணே. பாய்க்கே நான் ரெண்டு தடவை சொல்லணும்.”

“அதுக்குத்தான் ஒன்கிட்ட வந்தேன். சத்தமாப் பேசுறவுங்க பேச்சு யாருக்குத்தான் கேக்காது.”

அவள் ஹெட்போனோடு இருந்த மைக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். போட்டுத் தருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போகவில்லை. கவுண்டரில் கையை ஊன்றி நின்றார்.

“இன்னொண்ணு, தாயி. என்னைக்காச்சும் நான் வந்து, தட்டு தேஞ்சு போச்சு, பொட்டி சரியில்ல, கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிப் போட்டுத் தான்னு ஒன்கிட்டக் கேப்பேன். கெஞ்சக்கூடச் செய்வேன். கூட்டித் தந்துராத.”